கண்ணாடிப் படத்தின் வயது

தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் பூஜையறைச் சுவரிலோ கூடத்தின் உத்தரத்துக்குக் கீழே சற்றே சாய்வாகவோ மாட்டப்பட்டிருக்கும் கண்ணாடிப் படங்கள், பார்வைக்குச் சட்டமிட்ட சாமிப் படங்கள் போலவே தோன்றினாலும், செய்யப்பட்ட முறையால் மற்றப் படங்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை. மற்றப் படங்களில் கண்ணாடி என்பது தூசும் புகையும் படாமல் இருக்க முன்னால் வைக்கும் காப்பு மட்டுமே. இவற்றில் கண்ணாடியே ஓவியத்தைத் தாங்கும் தளம். ஓவியர் அதன் பின்பக்கத்தில் வண்ணம் தீட்டியிருக்க, பார்ப்பவர் முன்பக்கத்திலிருந்து கண்ணாடியின் ஊடாக அதைக் காண்கிறார். தஞ்சாவூரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இக்கலை, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வழக்கில் இருந்து, 18-ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டன் துறைமுகத்தில் பெருகி, கடல் வணிகத்தோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. இப்படங்களில் ஓவியர் பெயரோ ஆண்டோ பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே, ஒரு கண்ணாடிப் படம் சீனக் கைவேலையா தஞ்சாவூர்க் கைவேலையா, அது எக்காலத்தது என்ற இரு கேள்விகளுக்கும் விடையைப் படத்திலிருந்தே தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தேடலுக்கு முதற்படி, படம் தீட்டப்பட்ட வரிசையைப் புரிந்துகொள்வது. பலகையிலோ துணியிலோ வரையும் ஓவியர் முதலில் பின்னணியைப் பூசி, அதன்மேல் உருவத்தை எழுப்பி, ஆடையை உடுத்தி, கடைசியாகக் கண்ணின் கருமணியையும் நகையின் ஒளிப்புள்ளியையும் வைத்து முடிக்கிறார். கண்ணாடியில் இந்த வரிசை தலைகீழாக மாறுகிறது. மூக்குத்தியின் வெள்ளைப் புள்ளியும் புருவமும் கருமணியும் முதலில் வைக்கப்பட வேண்டும். அவை காய்ந்த பிறகு கன்னத்தின் நிழல், அதன்பின் மேனியின் நிறம், பிறகு ஆடை, திரைச்சீலை, எல்லாவற்றுக்கும் பின்னால் பின்னணி. ஒருமுறை இட்ட கோட்டைப் பின்னால் பூசும் எந்த வண்ணமும் மறைக்காது என்பதால், முகத்தில் நேர்ந்த பிழையைத் திருத்த வழியே இல்லை. சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான். தஞ்சாவூர்ப் பலகைப் படத்தில் மக்கு வைத்து மேடாக எழுப்பிய இடத்தில் தங்க ரேக்கு ஒட்டப்படும். கண்ணாடிப் படத்திலோ நகையும் கிரீடமும் இருக்க வேண்டிய இடங்களை வண்ணமில்லாமல் விட்டுவைத்து, அவற்றுக்குப் பின்னால் ரேக்கையோ பளபளக்கும் உலோகத் தாளையோ வைப்பார்கள்.

இந்த வரிசை மாற்றம் ஆய்வாளருக்கு ஒரு பெரிய வசதியைத் தருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தபோது, அவை நாயக்கர் காலத்தில் மேலே தீட்டப்பட்ட வேறோர் ஓவியப் படலத்தின் அடியில் மறைந்திருந்தன. பழையதைக் காணப் புதியதை விலக்க வேண்டியிருந்தது. கண்ணாடிப் படத்தில் நிலைமை நேர்மாறானது. ஓவியர் முதலில் இட்ட கோடே பார்ப்பவர் கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் செய்த பழுதுபார்ப்பும் மறுபூச்சும் அதற்குப் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன. வண்ணம் உதிர்ந்த இடத்தில் புதிதாக நிரப்பிய திட்டு மட்டுமே முன்பக்கம் தெரியும். அந்தத் திட்டின் விளிம்பில் பழைய கோடு சட்டென அறுந்து நிற்பதை ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டே பார்த்துவிடலாம்.

கண்ணாடியின் பின்பக்கம் தீட்டும் இதே நுட்பத்தின் மிகக் கடினமான வடிவம் சீனாவின் உள்ளோவிய மூக்குப்பொடிப் புட்டி. பட்டணம் பொடியை வாழை மட்டையிலும் தகர டப்பாவிலும் வைத்துப் பழகிய தமிழர்களுக்குப் பொடிக்குப் புட்டி என்பது புதுமையாகத் தோன்றலாம். ஐரோப்பியர் வழியாகச் சீனா சென்ற மூக்குப்பொடி, சிங் அரச மரபின் காலத்தில் அரண்மனையிலும் அதிகாரிகளிடையேயும் பரவியபோது, பொடி ஈரம் இழுத்துக் கட்டியாகாமல் இருக்க, மூடியோடு சிறு கரண்டி பொருத்திய சிறிய புட்டிகளில் அதை வைத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் அத்தகைய கண்ணாடிப் புட்டியின் உட்சுவரில், அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் அதன் வாய் வழியாக, நுனி வளைந்த மூங்கில் எழுதுகோலை நுழைத்து ஓவியம் தீட்டும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. வழவழப்பான கண்ணாடியில் மை பிடிக்காது என்பதால், இரும்புத் துகளையும் குருந்தப் பொடியையும் நீரோடு உள்ளே போட்டு நெடுநேரம் குலுக்கி, உட்சுவரைச் சொரசொரப்பாக்கிக்கொண்டார்கள். அந்தப் புட்டிகளிலும் ஒளிப்புள்ளிதான் முதலில், வானம் கடைசியில். தஞ்சாவூர்ப் படத்துக்கும் பெய்ஜிங் புட்டிக்கும் அளவு வேறு, பயன் வேறு. வயதை அறியும் முறையில் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

கண்ணாடி ஓவியம் சீனாவில் காலூன்றிய கதையில் ஐரோப்பியர் கை வெளிப்படையாகத் தெரிகிறது. இத்தாலியிலிருந்து சென்று 1715 முதல் 1766-இல் இறக்கும்வரை பெய்ஜிங்கில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஜுசெப்பே காஸ்திக்லியோனே, சியான்லோங் பேரரசருக்காகப் பட்டிலும் தாளிலும் வரைந்ததோடு கண்ணாடியிலும் வரைந்தார். தெற்கே கான்டன் நகரம் 1757 முதல் 1842 வரை மேல்நாட்டு வணிகத்துக்குத் திறந்திருந்த ஒரே துறைமுகமாக இருந்தது. அங்கிருந்த ஓவியர்கள், கப்பலில் வந்த ஐரோப்பியக் கண்ணாடித் தகடுகளில், கப்பலோடு வந்த ஐரோப்பிய அச்சுப் படங்களைப் பார்த்து மேல்நாட்டுப் பெண்களையும் இயற்கைக் காட்சிகளையும் வரைந்து அதே கப்பல்களில் விற்றனுப்பினார்கள். பார்சி வணிகர்கள் பஞ்சும் அபினும் ஏற்றிச் சென்று கான்டனோடு நடத்திய வணிகத்தில் இப்படங்கள் இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தன. இந்தியப் பெண்களையும் அரசர்களையும் சீன ஓவியர்கள் இந்திய வாடிக்கையாளருக்காக வரைந்த படங்களும் கிடைத்திருக்கின்றன. இக்கலையைப் பற்றித் தனி நூல் எழுதிய கலை வரலாற்றாளர் ஜெயா அப்பாசாமி, கண்ணாடியில் வரைந்த இந்திய ஓவியங்களைத் தனித்த ஒரு மரபாகவே கருதி ஆராய்ந்தவர்.

சென்னைக்கும் கான்டனுக்கும் இடையே ஓவியத்தில் வேறொரு பாலமும் இருந்தது. 1802-இன் இறுதியில் மதராஸில் வந்திறங்கிய ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் சின்னரி, 1805-இல், ஹைதராபாத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த கர்க்பாட்ரிக்கின் இரு குழந்தைகளையும் இந்திய உடையில் நிற்கவைத்து வரைந்த படம் புகழ்பெற்றது; பிறகு கல்கத்தா சென்ற அவர், 1825-இல் சீனக் கரைக்குப் போய், மக்காவிலும் கான்டனிலும் வாழ்ந்து 1852-இல் மக்காவில் மறைந்தார். அவர் பாணியைப் பின்பற்றிய கான்டன் ஓவியர்கள் வழியாக மேல்நாட்டு உருவ ஓவியத்தின் ஒளி நிழல் முறை அங்கே வேரூன்றியது. சீனக் கண்ணாடிப் படங்களில் காணும் முகத்தின் மென்மையான திரட்சியைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி உதவுகிறது.

தஞ்சாவூரில் கண்ணாடி ஓவியம் தழைத்தது மராத்திய அரசர்களின் கடைசிக் காலத்திலும் அதற்குப் பின்னரும். இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆண்டார். ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸின் வழிகாட்டலில் வளர்ந்த அவர், சரஸ்வதி மகால் நூலகத்துக்கு ஐரோப்பிய நூல்களையும் அச்சுப் படங்களையும் தேடித்தேடி வாங்கிச் சேர்த்தவர். அவர் மகன் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அரண்மனையின் ஆதரவை இழந்த ஓவியக் குடும்பங்கள், முக்கியமாக ராஜு வகுப்பினர், கடைத்தெருவையும் நகரங்களின் வசதி படைத்தவர்களையும் நம்பத் தொடங்கினார்கள். பலகைப் படத்தைவிடக் குறைந்த செலவிலும் குறைந்த நேரத்திலும் முடிந்த கண்ணாடிப் படம் அந்த வாடிக்கையாளர்களுக்குப் பொருந்தியது. பட்டாபிஷேக ராமர், வெண்ணெய் உண்ணும் கண்ணன், கிளியோடு நிற்கும் பெண், நாற்காலியில் அமர்ந்த அரசர் ஆகியோர் இப்படங்களில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள்.

சீனக் கைவேலையையும் தஞ்சாவூர்க் கைவேலையையும் பிரித்தறிய முகமே சிறந்த இடம். தஞ்சாவூர் முகம் வட்டமானது; கண் அகன்றது; மேனி ஒரே சீரான நிறத்தில் பூசப்பட்டு, கன்னத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய நிழல் இருக்கும்; உருவத்தைச் சுற்றி இருண்ட, உறுதியான கோடு ஓடும். சீன ஓவியர் கோட்டை நம்புவதில்லை. படிப்படியாகக் கருக்கும் நிழலால் மூக்கையும் கழுத்தையும் எழுப்புகிறார், ஆடையின் மடிப்புகளை முடி போன்ற வெள்ளைக் கோடுகளால் காட்டுகிறார், உருவத்துக்குப் பின்னால் தொலைவில் மறையும் மலையையோ நீர்நிலையையோ வைக்கிறார். தஞ்சாவூர்ப் படத்தில் தொலைவு என்பதே பெரும்பாலும் இல்லை. கட்டி இழுத்த திரைச்சீலை, குஞ்சம், வளைவு, தொங்கும் கண்ணாடி விளக்கு ஆகியவை தெய்வத்தை மேடைபோல் சூழ்ந்திருக்கின்றன. அந்தத் திரையும் விளக்கும் நாற்காலியும் மேல்நாட்டுச் சரக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். ராமர் அமர்ந்திருக்கும் சிம்மாசனம் சில படங்களில் ஐரோப்பிய நாற்காலியின் உறவினராகவே இருக்கிறது. தங்க ரேக்கு தஞ்சாவூர்க் கையையும், பின்னணியில் ரசம் பூசிய கண்ணாடியை அப்படியே விட்டு உருவம் வரும் இடத்தில் மட்டும் ரசத்தைச் சுரண்டி எடுத்து வரைந்த முறை சீனக் கையையும் சுட்டும். இவற்றில் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுகட்டக் கூடாது. சீனப் படத்தைப் பார்த்துப் பழகிய இந்திய ஓவியர்களும் இருந்தார்கள்.

வயதுக்கு வரும்போது ஒரே ஒரு விதிதான் உண்மையில் கைகொடுக்கிறது: படத்தின் மூலப் பகுதிகளுள் மிகப் புதியது எதுவோ, படம் அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. பழைய கண்ணாடியில் நேற்றுக்கூட வரையலாம். பழைய அச்சுப் படத்தை நூறு ஆண்டு கழித்தும் நகலெடுக்கலாம். பழைய சட்டத்துக்குள் புதுப் படத்தை நுழைக்கலாம். ஆகவே பழமையைக் காட்டும் சான்று எத்தனை இருந்தாலும், புதுமையைக் காட்டும் ஒரே சான்று அவை அனைத்தையும் வென்றுவிடும். சந்தையில் இதற்கு நேர்மாறாகவே பேசப்படுகிறது. விற்பவர் பழைய தேக்குச் சட்டத்தைக் காட்டுவார், அலையோடிய கண்ணாடியைக் காட்டுவார். வாங்குபவரோ படத்திலேயே மிக இளையது எது என்று தேட வேண்டும்.

மேல்நாட்டு உருவங்கள் இடம்பெற்ற படங்களில் இந்தத் தேடல் எளிதாகிறது, ஏனெனில் ஐரோப்பியப் பெண்களின் உடை பத்திருபது ஆண்டுக்கு ஒருமுறை மாறி வந்திருக்கிறது. மார்புக்குக் கீழேயே இடுப்புக் கச்சை கட்டி நேராக விழும் அங்கி 1795-க்கும் 1820-க்கும் இடைப்பட்டது. தோளில் பலூன்போல் புடைத்து முன்கையில் ஒடுங்கும் கை 1830-களைக் காட்டும், 1890-களில் அது மீண்டும் ஒருமுறை வந்தது. கூண்டுபோல் விரிந்த பாவாடை 1850-களிலும் 1860-களிலும். பின்பக்கம் மட்டும் திரண்ட பாவாடை 1870-களிலும் 1880-களிலும். விக்டோரியா அரசியின் படமென்றால் இன்னும் நெருக்கமாகச் சொல்லலாம். 1837-இல் அரியணை ஏறிய அவர், 1861 டிசம்பரில் கணவர் இறந்தபின் கருப்பு உடையையும் கைம்பெண் குல்லாயையும் விடவே இல்லை. குல்லாயின் மேல் வைக்கும் அந்தச் சிறிய வைரக் கிரீடம் 1870-இல்தான் செய்யப்பட்டது. பேரரசி என்ற பட்டம் இந்தியாவில் அறிவிக்கப்பட்டது 1877 ஜனவரி 1 அன்று. எனவே சிறு கிரீடத்தோடு கருப்பு உடையில் இருக்கும் விக்டோரியாவை எவரும் 1870-க்கு முன் வரைந்திருக்க முடியாது. அதற்குப் பின் எத்தனை ஆண்டு கழித்து வரைந்தார்கள் என்பதை உடை சொல்லாது; லண்டனில் பழசாகிப்போன ஓர் அச்சுப் படம் தஞ்சாவூரில் ஒரு தலைமுறைக்கு முன்மாதிரியாக இருந்திருக்கலாம்.

தெய்வப் படங்களில் இதே வேலையை ரவி வர்மா செய்கிறார். 1848-இல் பிறந்து 1906-இல் மறைந்த அவர், 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த வண்ண அச்சுப் படங்களே லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் இன்று நம் மனத்தில் இருக்கும் உருவத்தைக் கொடுத்தன. தாமரைமேல் நின்று, பின்னால் யானையும் நீர்நிலையும் இருக்க, புடவை இயல்பாக மடிந்து விழும் லட்சுமியைக் கண்ணாடியில் காணும்போது, அந்தப் படம் அச்சகத்துக்குப் பிந்தியது என்று தயக்கமின்றிச் சொல்லலாம். கண்ணாடி ஓவியர்களின் வாழ்வைச் சுருக்கியதும் அதே அச்சுப் படங்கள்தான். கையால் வரைந்த ஒரு படத்தின் விலைக்குப் பல அச்சுப் படங்கள் கிடைத்தபோது, பல குடும்பங்கள் தூரிகையைக் கீழே வைக்க நேர்ந்தது. நுட்பமான ஒரு கைத்தொழில் அப்படி ஒடுங்கியது பெரும் இழப்பு.

அச்சுப் படத்திலிருந்து நகலெடுத்ததற்கு இன்னொரு தடயமும் உண்டு, அது மிகவும் நுட்பமானது. அச்சுப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து அதன் கோடுகளை அப்படியே மேலே வரைந்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பினால், வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறிவிடும். தேர்ந்த ஓவியர் முதலில் ஒரு தாளில் நகலெடுத்து, அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்து வரைவார். அவசரக்காரரோ கவிழ்க்க மறந்துவிடுவார். வலக்கையில் சக்கரமும் இடக்கையில் சங்கும் ஏந்த வேண்டிய பெருமாள் மாறி ஏந்தியிருந்தால், புகழ்பெற்ற ஓர் அச்சுப் படத்தின் நிலை முழுதும் புரண்டிருந்தால், நேரடியாக அடியில் வைத்து எடுத்த நகல் என்று கொள்ளலாம். ஆனால் புடவைத் தலைப்பு வலத்தோளில் இருப்பதை மட்டும் பார்த்து அவசரப்படக் கூடாது. ஐயர் குடும்பங்களின் மடிசாரில் தலைப்பு வலத்தோளில்தான் வரும், ஐயங்கார் மடிசாரில் இடத்தோளில் வரும். குஜராத்திப் பெண்களும் வலத்தோளில் அணிகிறார்கள். வரைந்தவரின் பிழைக்கும் உடுத்தியவரின் வழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஊரை அறிந்தவருக்கே தெரியும்.

இனிப் பொருள்கள். பழைய முகக் கண்ணாடிகளின் ரசம் என்பது வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த கலவை. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1835-இல் வெள்ளி உப்பிலிருந்து மெல்லிய வெள்ளிப் படலத்தைக் கண்ணாடியில் படியவைக்கும் முறையைக் கண்டார். அது தொழிற்சாலைகளில் பரவ 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. வெள்ளீய ரசம் சற்று நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். வயதாகும்போது அதில் கற்கண்டு உடைத்ததுபோல் நுண்ணிய மினுமினுப்புகள் தோன்றும், பாதரசம் மெல்லக் கீழிறங்கிச் சட்டத்தின் அடிவிளிம்பில் சிறு துளிகளாகத் தேங்கும். வெள்ளிப் படலமோ விளிம்பிலிருந்து பழுப்பாகவும் கருப்பாகவும் கெடும். பின்னணியில் வெள்ளிப் படலம் உள்ள படம் 18-ஆம் நூற்றாண்டினது என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் வெள்ளீய ரசம் இருப்பதாலேயே படம் 1835-க்கு முந்தியது ஆகிவிடாது. அந்த முறையில் கண்ணாடி செய்வது 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தொடர்ந்தது. அடிவிளிம்பில் துளிகள் தென்பட்டால் வெறுங்கையால் தொடாமல், குழந்தைகள் நெருங்காத, காற்றோட்டமான இடத்தில் படத்தை வைத்துவிட்டு அருங்காட்சியகத்தை அணுகுவதே முறை, ஏனெனில் பாதரச ஆவி நஞ்சு.

கண்ணாடித் தகட்டுக்கும் வரலாறு உண்டு. வாயால் ஊதிச் செய்த பழைய தகட்டில் தடிப்பு சீராக இருக்காது. நீள்வட்டக் குமிழிகள் ஒரே திசையில் படுத்திருக்கும். சாளர ஒளியைப் பிரதிபலிக்கவிட்டுச் சாய்த்துப் பார்த்தால் பிம்பம் நெளியும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எந்திரத்தால் இழுத்தெடுக்கும் முறை வந்தபின் அந்த நெளிவு ஒரே திசையில் ஓடும் இணைகோடுகளாக மாறியது. 1959-இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த மிதவைக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து பரவுவதால் இருபுறமும் பளிங்குபோல் சமமாக இருக்கும்; 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய தொழிற்சாலையில் ஆவதும் இவ்வகைதான். வெள்ளீயத்தைத் தொட்ட பக்கத்தில் அதன் சுவடு கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடுகிறது. குறுகிய அலைநீளப் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் அப்பக்கம் பால்போல் ஒளிரும். கண்ணுக்குக் காப்பு அணிந்து, பழகியவர்களே செய்ய வேண்டிய சோதனை இது. சரபோஜி காலத்தது என்று சொல்லப்படும் படத்தின் கண்ணாடி அப்படி ஒளிர்ந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

வண்ணங்களும் பிறந்த ஆண்டைச் சுமந்தே வருகின்றன. பிரஷ்ய நீலம் 1700-களின் முதற் பத்தாண்டில் பெர்லினில் பிறந்தது. செயற்கை அல்ட்ராமரின் நீலம் 1820-களின் பிற்பாதியில் வந்தது. கிளிப்பச்சையாக மின்னும் எமரால்டு பச்சை 1814-இல் வந்தது, அதில் ஆர்செனிக் இருப்பதால் சுரண்டிப் பார்ப்பது ஆபத்து. எல்லாவற்றிலும் பயனுள்ள சாட்சி டைட்டானியம் வெள்ளை. 1920-ஐ ஒட்டியே அது ஓவியர் கைக்கு வந்தது. முத்தும் பல்லும் வேட்டியும் அந்த வெள்ளையில் இருந்தால் படம் 20-ஆம் நூற்றாண்டினது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி வண்ணத்தில் உள்ள தனிமங்களை அறியும் கருவியால், படத்தைத் தொடாமலே இதைச் சோதிக்கலாம். ஆனால் கண்ணாடி வழியாக அளந்தால் டைட்டானியத்தின் மெல்லிய கதிரைக் கண்ணாடியே விழுங்கிவிடும், ஆகவே பின்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். அங்கிருந்து அளக்கும்போது முதலில் எதிர்ப்படுவது பிற்காலப் பழுதுபார்ப்பாக இருக்கலாம். எனவே திட்டு வைத்த இடத்தையும் வைக்காத இடத்தையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால்தான் விடை நம்பத்தக்கதாகும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் இயங்கியது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன் பெரிய கோயில் ஓவியங்களின் சுண்ணப் பூச்சையும் வண்ணங்களையும் ஆராய்ந்தவர் என்பது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய செய்தி.

இத்தனை கருவிகளும் எட்டாத இடத்திலும் ஒரு சான்று எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அது படத்தின் முதுகு. ஜவ்வாது மலை அடிவாரத்துக் கண்ணமங்கலத்திலோ பக்கத்து ஆரணியிலோ ஒரு குடும்பத்தார் தம் பாட்டனார் காலத்துக் கண்ணாடிப் படத்தின் வயதை அறிய விரும்புவதாக வைத்துக்கொண்டால், அவர்கள் முதலில் படிக்க வேண்டியது பின்பலகையில் ஒட்டியிருக்கும் சட்டக் கடையின் சீட்டை. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியதாகவே பெரும்பாலும் இருக்கும். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்து கண்ணமங்கலமும் ஆரணியும் திருவண்ணாமலைப் பக்கம் வந்தன என்பதால், அவ்வூர்ச் சீட்டில் வட ஆற்காடு என்றிருப்பது அந்தப் பிரிவினைக்கு முந்திய காலத்தைக் காட்டும். பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையே திணித்த செய்தித்தாளில் தேதியே கிடைக்கக்கூடும். இவையெல்லாம் சட்டம் போட்ட நாளைச் சொல்கின்றன, படம் தீட்டிய நாளை அல்ல. ஒரு படம் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை சட்டம் மாற்றியிருக்கும். பழைய ஆணித் துளைகள் பயனின்றிக் கிடப்பதும், கண்ணாடியின் ஓரத்தில் முந்திய சட்டம் மறைத்திருந்த பகுதி மட்டும் புகை படாமல் தெளிவாக இருப்பதும் அதற்கு அடையாளம்.

சீனப் புட்டிகளில் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருப்பது வழக்கம் என்பதால் அங்கே வேலை எளிது என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் ஏமாற்றம் மிகுதி. சீனர்கள் ஆண்டுகளை அறுபதாண்டுச் சுழற்சியில் எண்ணுகிறார்கள், பிரபவ முதல் அட்சய வரை நாம் எண்ணுவது போலவே. ஜியாவு என்று எழுதிய புட்டி 1894-ஐயும் குறிக்கலாம், 1954-ஐயும் 2014-ஐயும் குறிக்கலாம். நம் கணக்கில் மூன்றுமே ஜய ஆண்டுகள். எந்தச் சுற்று என்பதை ஓவியரின் வாழ்நாள்தான் தீர்க்க வேண்டும். 1867 முதல் 1939 வரை வாழ்ந்த மா ஷாவோஷுவானின் கையெழுத்து உண்மையென்றால் அது 1894. பொய்யென்றால் எந்த ஆண்டாகவும் இருக்கலாம். அவருக்குச் சற்று மூத்த தலைமுறையின் சோ லெயுவான் 1880-களிலும் 1890-களின் தொடக்கத்திலும் இயற்கைக் காட்சிகளால் பெயர் பெற்றார். மா ஷாவோஷுவானோ புகைப்படத்தைப் பார்த்து, கருமையிலும் சாம்பலிலும் மட்டுமே, முகங்களை அச்சு அசலாகத் தீட்டியதால் புகழடைந்தார். புகைப்படத்தின் ஒளி நிழலோடு மேல்நாட்டு முகம் ஒன்று புட்டிக்குள் இருந்தால் அது அந்தத் தலைமுறைக்கு முந்தியதாக இருப்பது அரிது. அதே முகம் எண்ணெய் ஓவியம்போல் பல வண்ணத்தில் செறிந்திருந்தால், 1938-இல் பிறந்த வாங் ஷிசான் ஹெபெய் மாநிலத்தின் ஹெங்ஷுயில் வளர்த்த பள்ளியின் கைவேலையாக, 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு உரியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. பழைய வெற்றுப் புட்டியை வாங்கிப் புதிதாக உள்ளே வரைவதும், அடியில் சியான்லோங் காலத்து முத்திரையைப் பொறிப்பதும் அங்கே நெடுநாளாக நடப்பவை. சியான்லோங் 1799-இல் இறந்தார். உள்ளோவியக் கலை அதற்குப் பின்னரே பிறந்தது. அந்த முத்திரை உள்ளோவியத்தின் வயதைப் பற்றி எதையும் சொல்லாது.

கண்ணாடிப் படத்தின் வயது வெறும் ஆர்வத்துக்குரிய கேள்வி அன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த ஓவியம் தொல்பொருள் ஆகிறது; அதை உரிய அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான்களைத் தேடும் வெளிநாட்டவருக்கும், அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வாழும் பிள்ளைகளுக்குப் பாட்டி வீட்டுப் படத்தைக் கொடுத்தனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். தொண்ணூறு ஆண்டா நூற்றுப்பத்து ஆண்டா என்ற வேறுபாடு அங்கே விமான நிலையத்தில் தீர்மானிக்கப்படும் நிலை வரக் கூடாது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகமோ எழும்பூர் அருங்காட்சியகமோ முன்கூட்டியே அணுகத்தக்க இடங்கள்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றைச் சொன்னால் போதும் என்றால், பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்பதே அது. பழைய படங்களின் வண்ணம் பசையில் குழைத்தது. தண்ணீர் பட்ட கணமே முகம் துணியோடு வந்துவிடும். முன்பக்கத்து விளக்குப் புகையை உலர்ந்த மென்துணியால் துடைக்கலாம், அதுவும் வண்ணம் கண்ணாடியிலிருந்து விட்டுப் பிரிந்து சிறகுபோல் தூக்கி நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டினால் வண்ணம் நெடுநாள் தாங்கும். சட்டத்தை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், கடைக்குக் கொண்டுபோகுமுன் முன்னும் பின்னும் நான்கு ஓரங்களும் தெரியப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பழைய பின்பலகையையும் சீட்டையும் தாளையும் ஆணிகளையும் ஓர் உறையில் போட்டுப் படத்தோடே வைத்திருக்க வேண்டும். கடைக்காரருக்கு அவை குப்பை, படத்தின் வயதைத் தேடி அடுத்து வருபவருக்கு அவைதான் ஆவணம்.